ஆப்சென்டுக்கு ஒரு ரோஸ் தாள்

பல்கலைக்கழகத்தில் மறுபடியும் சாப்ட்வேர் மாற்றுகிறார்களாம். தேர்வுப் பிரிவில் இப்போது கட்டுக் கட்டுகிற அமுதா போனில் சொன்னாள். நான் அங்கே இருந்த காலத்திலேயே இரண்டைப் பார்த்துவிட்டேன். இது மூன்றாவது.

"அக்கா, முன்னாடி மாத்துனப்ப இன்னா நடந்துச்சுன்னு எழுதிக் குடுக்கா. நம்ம சங்கத்து மலர்ல போட்டுக்கலாம். இங்க ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரில" என்றாள்.

நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். நாலு பேர் நடுவில் பேசு என்றால் எனக்கு வாய் வராது. எழுதுவதென்றால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை, அதனால் சரி என்றேன். கம்ப்யூட்டரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களைத் தெரியும்.

மேனாம்பேட்டில் இருந்து இரண்டு பஸ் மாறிப் போய்க் கூட்டிப் பெருக்குகிற வேலையில்தான் சேர்ந்தேன். ஒரு பரீட்சை சமயத்தில் தேர்வுப் பிரிவில் ஆள் போதவில்லை என்று கூப்பிட்டார்கள். விடைத்தாள் அடுக்கக் கற்றுக்கொண்டேன். துடைப்பத்தை வாங்கிக்கொண்டவர்கள் திருப்பித் தரவில்லை. ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்துவிட்டேன்.

வேலை இதுதான். ஒரு ஹாலுக்கு இருபத்தைந்து பேர், அது ஒரு கட்டு. பதிவு எண் வரிசைப்படி அடுக்க வேண்டும். முதல் பக்கத்தின் மேல் ஓரத்தில் மாணவரின் எண் இருக்கும். அந்த ஓரத்தை மடித்து மைதா பசை தடவி ஒட்டிவிடுவோம். திருத்துகிறவருக்கு அது யாருடைய தாள் என்று தெரியக் கூடாது. அதற்குப் பிறகு அந்தத் தாளுக்கு இருக்கிற ஒரே அடையாளம், கட்டில் அது எத்தனையாவது என்பதுதான். வரிசை கெட்டால் எல்லாம் கெட்டது.

பரீட்சைக்கு வராதவருடைய இடத்தில் ஒரு ரோஸ் கலர் வெற்றுத் தாளை வைப்போம். ஏழாவது ஆள் வரவில்லையென்றால் ஏழாவது இடத்தில் ரோஸ் தாள். அப்போது எட்டாவது ஆள் எட்டாவதாகவே இருப்பார். எந்தக் கட்டை எண்ணினாலும் இருபத்தைந்து வரும். மார்க் ஏற்றுகிற கிளார்க் ரோஸ் தாளைப் பார்த்ததும் 'ஆப்சென்ட்' என்று போட்டுவிட்டு அடுத்ததற்குப் போவார். இதை யார் ஆரம்பித்தார்களோ, எனக்கு முன்னால் இருந்தவர்கள் செய்தார்கள், நானும் செய்தேன். எந்தச் சுற்றறிக்கையிலும் இது கிடையாது.

எங்கள் அதிகாரி, கன்ட்ரோலர் ஞானசேகரன் சார். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கடைநிலை ஆட்களையும் 'வாங்க, போங்க' என்றுதான் சொல்வார். கட்டுகள் அறைக்குள் போகும்போது கதவருகே நின்று, பேனா மூடியால் ஒவ்வொன்றையும் தட்டி எண்ணுவார். எண்ணி முடித்துவிட்டுக் கடைசியில் இருந்து மறுபடி எண்ணுவார். இரண்டும் ஒன்றாக வந்தால்தான் பூட்டு. அந்தச் சாவியை யாரிடமும் கொடுக்க மாட்டார். பதிவாளர் ஆபீசில் இருந்து வருகிற கடிதத்தை மட்டும் இடது கையால் வாங்குவார். வாங்கி, தட்டில் இருக்கிற எல்லாக் கடிதத்துக்கும் அடியில் வைப்பார். அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரும். அப்போது அது ஒரு பெரிய மனிதரின் சின்னப் பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன்.

முதல் சாப்ட்வேரை எழுதியவர் யூசுப் சார். கம்ப்யூட்டர் துறையில் விரிவுரையாளர், பூந்தமல்லிக்காரர். எழுதுவதற்கு முன்னால் மூன்று நாள் எங்களோடு தரையில் உட்கார்ந்து தாள் அடுக்கினார். என்கூட வேலை செய்த முனியம்மா அவரை விடவில்லை.

"இன்னா சார், படிச்ச ஆளு, பசை தடவத் தெரிலயே. ஒரு தாளுக்கு ஒரு கிண்ணம் காலி பண்றீங்க."

"கத்துக்குடுங்கக்கா, அதுக்குத்தானே வந்துகீறேன்" என்று அவர் எங்கள் பேச்சிலேயே திருப்பிக் கொடுப்பார். ரோஸ் தாளைக் கையில் எடுத்து, "இது எதுக்கு?" என்று அவர்தான் கேட்டார். அதற்கு முன்னாலும் பின்னாலும் வேறு யாரும் அதைக் கேட்டதில்லை.

அவர் செய்த சாப்ட்வேர் இரண்டு பழைய கம்ப்யூட்டரில் பல வருஷம் ஓடியது. பார்க்க அழகாக இருக்காது, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. ஆனால் ரிசல்ட் சொன்ன நாளில் வந்துவிடும்.

பிறகு புதுப் பதிவாளர் வந்தார். எங்களைப் பார்க்க வெளியூரில் இருந்து ஆய்வுக் குழு வரப்போகிறது, அட்மிஷனில் இருந்து ரிசல்ட் வரை எல்லாம் ஒரே சாப்ட்வேரில் இருந்தால்தான் நல்ல தரம் கொடுப்பார்கள் என்றார். ஒரு கம்பெனிக்காரர்களையும் அழைத்து வந்தார். கூட்டத்துக்கு டீ கொண்டுபோனது நான். அரங்கில் ஒரு பக்கம் கன்ட்ரோலர் சாரின் ஆட்கள், எதிர்ப்பக்கம் பதிவாளரின் ஆட்கள். நடுவில் நாற்காலிகள் காலியாக இருந்தன. டீயை வைக்க எனக்கு அது வசதியாக இருந்தது.

"யூசுப் கெட்டிக்காரர், நான் இல்லைன்னு சொல்லல" என்றார் பதிவாளர். "நாளைக்கு அவரு வேற காலேஜுக்குப் போயிட்டா நம்ம பரீட்சைய யாரு நடத்துவா?"

"அவர் போகமாட்டார்" என்றார் கன்ட்ரோலர் சார்.

"ஒரு ஆள் போகமாட்டார்ங்கிற நம்பிக்கையில ஒரு யூனிவர்சிட்டிய ஓட்ட முடியுமா சார்?"

அது நியாயமாகத்தான் எனக்குப் பட்டது. இப்போதும் படுகிறது. ஆனால் அதற்கு மேல் யாரும் நியாயம் பேசவில்லை. யூசுப் சாரின் துறைத் தலைவர் எழுந்து, அந்தப் புரோகிராமுக்கும் துறைக்கும் சம்பந்தமில்லை, அது அவருடைய சொந்த வேலை என்றார். அவருக்கும் யூசுப் சாருக்கும் ஆகாது என்பது டீ கொடுக்கிற எனக்கே தெரியும். அடுத்தவர், மார்க்கு முழுவதும் ஒருத்தர் சாவியில் இருப்பது சரியில்லை என்றார். அது யாருக்கு வைத்த குறி என்பதும் தெரியும். கம்பெனிக்காரர் சுவரில் கலர் கலராகப் படம் காட்டினார். கட்டு எப்படி வரும், யார் அடுக்குவார்கள், வராதவர்களை எப்படிக் காட்டுவது என்று ஒருவரும் கேட்கவில்லை. யூசுப் சாரைக் கூட்டத்துக்குக் கூப்பிடவே இல்லை.

வெளியே வந்ததும் முனியம்மா கேட்டாள். "இன்னாக்கா சொல்றாங்க உள்ள?"

"சாப்ட்வேர் மாத்தப் போறாங்களாம்."

"பசைய மாத்துவாங்களா? கையெல்லாம் பூச்சி கடிச்ச மாதிரி கீது."

"அத மாத்தமாட்டாங்க."

"அப்ப இன்னாத்துக்கு மாத்திகினு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

புது சாப்ட்வேரின் முதல் பரீட்சை வந்தது. அதில் வராதவர்களின் பேர், ஹாலில் இருந்தே கம்ப்யூட்டரில் ஏறிவிடும். மார்க் போடுகிற திரையில் அவர்கள் பேரே வராது. ஆகவே ரோஸ் தாள் வைக்கக் கூடாது. இது எனக்கு இப்போது தெரியும். அன்றைக்கு எனக்கும் முனியம்மாவுக்கும் யாரும் சொல்லவில்லை. முதல் நாள் நாலு ஹாலில் ஹாலுக்கு ஒருவர் வரவில்லை. நாலு கட்டிலும் ரோஸ் தாள் வைத்தேன். மறுநாள் காலையில்தான் கம்பெனி ஆள் ஒருவர் எங்கள் பக்கம் வந்து, "இந்தக் கலர் பேப்பர்லாம் இனிமே வேணாம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். சரி என்று நிறுத்திவிட்டோம். முந்தின நாள் கட்டுகள் ஏற்கெனவே உள்ளே போய்ப் பூட்டியாகிவிட்டது.

ரிசல்ட் வந்து ஒரு வாரம் இருக்கும். வராந்தா பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பேர் நிவேதா, கடைசி வருஷம். வெள்ளானூரில் இருந்து வருகிறவள். அப்பா வெல்டிங் பட்டறையில் வேலை செய்கிறார். ஒரே ஒரு பேப்பரில் இருபத்தேழு. தேற ஐம்பது வேண்டும். அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் வேலைக்கு எடுத்திருக்கிறார்கள். அரியர் இல்லாத சர்டிபிகேட்டை மாதக் கடைசிக்குள் காட்டினால்தான் சேர்த்துக்கொள்வார்கள்.

"நான் நல்லா எழுதினேன் ஆயாம்மா. வேற பேப்பர்னா கூட சந்தேகப்படுவேன். இது எனக்கு நல்லா வர்ற பேப்பர்."

எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் சொல்லும். தண்ணீர் கொடுத்தேன். மறுமதிப்பீட்டுக்கு எழுதிப் போடச் சொன்னேன். போட்டாள். பத்து நாளில் பதில் வந்தது, மாற்றம் இல்லை என்று. அதற்குப் பிறகும் வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தாள். யாரையும் தொந்தரவு செய்யவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்ப்பாள், அவ்வளவுதான்.

அந்த வாரம் பழைய கட்டுகளைக் கிடங்குக்கு அனுப்ப எண்ணிக்கொண்டிருந்தோம். முதல் நாள் கட்டு ஒன்றின் மேல் ஒரு விடைத்தாளைத் தனியாக ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தார்கள். 'எக்ஸ்ட்ரா' என்று துண்டுச் சீட்டு. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இத்தனை வருஷத்தில் எங்கள் பிரிவில் எக்ஸ்ட்ரா என்று ஒரு தாள் இருந்ததில்லை. பரீட்சை எழுதின ஒருவர் இல்லாமல் தாள் எங்கிருந்து வரும்?

கட்டோடு மார்க் பட்டியல் இணைத்திருந்தது. எண் எனக்குப் படிக்கத் தெரியும். ஏழாவது இடத்தில் நான் வைத்த ரோஸ் தாள். பட்டியலில் ஏழாவது வரியில் சைபர்.

கம்பெனி தற்காலிகமாக எடுத்த புது ஆட்கள்தான் மார்க் ஏற்றினார்கள். வெற்றுத் தாளைப் பார்த்து ஒன்றும் எழுதவில்லை போல என்று சைபர் போட்டுவிட்டார்கள். திரையில் வராதவன் பேர் இல்லை, அதனால் அந்தச் சைபர் அவனுக்கு அடுத்த பையன் பேரில் விழுந்தது. அந்தப் பையனுடைய மார்க் அவனுக்கு அடுத்தவளுக்கு. அவளுடையது அதற்கு அடுத்தவருக்கு. இப்படியே கடைசி வரை ஒவ்வொருவரும் முன்னால் இருந்தவர் மார்க்கை வாங்கிக்கொண்டு போக, கடைசி ஆளின் தாளுக்கு இடமில்லாமல் அது எக்ஸ்ட்ரா ஆகிவிட்டது. மறுமதிப்பீட்டிலும் கம்ப்யூட்டர் எந்தத் தாளைக் காட்டியதோ அதையே எடுத்துப் பார்த்து, இருபத்தேழு சரி என்றிருக்கிறார்கள். மடிப்பை யாரும் பிரிக்கவில்லை.

அந்தக் கட்டு எந்த ஹால் என்று பார்த்தேன். நிவேதாவின் ஹால் டிக்கெட்டை அவள் எனக்குப் பலமுறை காட்டியிருக்கிறாள். அதே ஹால். அவள் ஒன்பதாவது.

சாரிடம் போக எனக்குக் கால் வரவில்லை. வேலையில் இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருந்தது. கதவுக்கு வெளியே நின்று இரண்டு முறை திரும்பிவிட்டேன். மூன்றாவது முறை அவரே, "என்ன தனம், உள்ள வாங்க" என்றார்.

சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"ரோஸ் தாள் வைக்கக்கூடாதுன்னு எங்களுக்குத் தெரியாது சார். யாரும் சொல்லல."

"எனக்கு மெயில் வந்துச்சு" என்றார்.

நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பரீட்சைக்கு நாலு நாள் முன்னாடி வந்துச்சு. ஊழியர்களுக்குத் தெரிவிக்கவும்னு. ரிஜிஸ்ட்ரார் கொண்டுவந்த சாப்ட்வேர், அவரே வந்து சொல்லிக்கட்டும்னு விட்டுட்டேன்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஏதாவது ஒரு குளறுபடி வரும், அப்ப புரியும்னு நினைச்சேன். வரிசையே போகும்னு நினைக்கல."

கடிதமாக வந்திருந்தால் இடது கையால் வாங்கியிருப்பார். மெயிலை எந்தக் கையால் வாங்கினாரோ. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. உட்கார்ந்தால் போதும் என்று ஓர் அசதிதான் வந்தது.

"கட்டைப் பிரிச்சுப் பாத்துடலாமா சார்?" என்று கேட்டேன். அவ்வளவு நீளமாக அவரிடம் நான் எதையும் கேட்டதில்லை.

பிரித்தோம். ஒன்பதாவது தாளின் மடிப்பை நானே ஈரத் துணியால் நனைத்துத் தூக்கினேன். நிவேதாவின் எண். பக்கத்தில் சிவப்பு மையில் வட்டம் போட்டு எண்பத்தொன்று. எட்டாவது தாள் ஒரு பையனுடையது, இருபத்தேழு. அவன்தான் சைபர் வாங்கினவன். அவன் வந்து கேட்கவே இல்லை. பல பேப்பர் அரியர் வைத்திருக்கிறவன். தனக்குச் சைபர் வரக்கூடும் என்றே நம்பிவிட்டான் போல.

சார் நிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது. சீட்டாட்டத்தில் நல்ல சீட்டு வந்தவர் முகம். "இத வெச்சே அந்த சாப்ட்வேர ஊர விட்டு அனுப்பிடலாம்" என்றார். நான் அந்தப் பெண்ணைப் பற்றி அவர் ஏதாவது சொல்வார் என்று நின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் பதிவாளர் அறைக்கு என்னையும் கூட்டிப்போனார். பதிவாளர் எனக்கு நாற்காலி போடச் சொன்னார். நான் உட்காரவில்லை. சார் எல்லாவற்றையும் சொன்னார், தாளைக் காட்டினார். பதிவாளர் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, என்னைப் பார்த்து, "இந்தக் கலர் பேப்பர யார் வெச்சாங்கம்மா?" என்றார்.

"நான்தான் வெச்சேன் சார்."

"வைக்கக்கூடாதுன்னு உங்களுக்கு யாரும் சொல்லலியா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். சொல்லவில்லை என்றால் என் சாரைக் காட்டிக்கொடுத்ததாகும். சொன்னார்கள் என்றால் பொய். பதிவாளர் அதற்கு மேல் கேட்கவில்லை. மேசை இழுப்பறையில் இருந்து ஒரு தாளை எடுத்து சாருக்கு முன்னால் வைத்தார். அந்த மெயிலின் பிரிண்ட். கீழே, எந்த நாளில் எத்தனை மணிக்கு சார் திறந்து படித்தார் என்பதும் இருந்ததாம். அதை சார் பிறகு சொன்னார்.



"அடுத்த மாசம் கமிட்டி வருது" என்றார் பதிவாளர். "நாலு கட்டு, நூறு பேர். பாஸானவன ஃபெயில்னு மாத்தணும். வெளிய தெரிஞ்சா நீங்களும் இருக்கமாட்டீங்க, நானும் இருக்கமாட்டேன்."

"அந்தப் பொண்ணு?" என்றேன். என் வாயில் இருந்துதான் வந்தது.

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் இருவரும் ஒரே பக்கம் திரும்பி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"கேட்டு வந்தவங்களுக்கு மட்டும் பண்ணலாம்" என்றார் சார். "சிறப்புக் கருணை மதிப்பெண்."

கேட்டு வந்தது அவள் ஒருத்திதான். இருபத்தேழை ஐம்பது ஆக்கினார்கள். எண்பத்தொன்று என்று போட்டால், அது ஏன் என்று எழுத வேண்டியிருக்கும். ஐம்பதுக்குக் காரணம் தேவையில்லை, கருணை என்று ஒரு வார்த்தை போதும். அதற்கு ஒரு விண்ணப்பம் தயார் செய்தார்கள். நான் இந்தப் பாடத்தில் தேர்ச்சி பெறவில்லை, கருணை காட்ட வேண்டுகிறேன், இனி இது குறித்து எந்தக் கோரிக்கையும் வைக்க மாட்டேன் என்று. அவள் கையெழுத்து வாங்கி வரச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். என்னிடம் என்றால் அவள் கேள்வி கேட்க மாட்டாள் என்று நினைத்திருக்கலாம்.

பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் படித்தாள். மறுபடி முதலில் இருந்து படித்தாள்.

"நான் தேர்ச்சி பெறலைன்னு நானே எழுதிக் குடுக்கணுமா?"

"போட்டா இன்னிக்கே சர்டிபிகேட் குடுத்துடுவாங்க கண்ணு."

"போடலன்னா?"

"தெரியாதும்மா. பெரியவங்க கைல கீது. மாசக் கடைசி தாண்டிடும்."

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு போட்டாள். பேனாவை மூடாமல் கேட்டாள்.

"ஆயாம்மா, நீங்க என் பேப்பரப் பாத்தீங்களா?"

தேர்வுப் பிரிவில் கண்ணால் பார்த்த எண்ணை வெளியே சொன்னால் வேலை போகும். சேர்ந்த நாளில் சொல்லித் தருகிற முதல் பாடம் அது. என் வீட்டில்கூட நான் ஒரு மார்க்கும் சொன்னதில்லை.

"பாத்தேன்" என்றேன். "எண்பத்தொண்ணு."

அவள் அழவில்லை. சந்தோஷமும் படவில்லை. "எனக்குத் தெரியும்" என்று மட்டும் மெதுவாகச் சொன்னாள். பையில் இருந்து ஹால் டிக்கெட்டை எடுத்தாள். பின்பக்கம் அந்தப் பேப்பரின் பேரை எழுதி, பக்கத்தில் 81 என்று எழுதினாள். ஏதோ மன்னிப்புக் கேட்கிறவள் மாதிரி அதை என் பக்கம் நகர்த்தி, பேனாவையும் நீட்டினாள்.

"கீழ நீங்க ஒரு கையெழுத்து போடுவீங்களா?"

கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே சார் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் ஹால் டிக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் அதை அழுத்திப் பிடித்து, கு. தனலட்சுமி என்று இனிஷியலோடு முழுப் பேரையும் தமிழில் எழுதினேன். அன்றைய தேதியையும் போட்டேன்.